பிரித்து அனுப்பும் ரேப்பியர் தறி: குறியீடும் பெட்டியும்

வணக்கம். பழைய ரேப்பியர் தறியை (நாடாவுக்குப் பதில் கம்பியோ பட்டையோ ஊடைநூலைக் கொண்டுசெல்லும் நெசவு இயந்திரம்) கழற்றி இரண்டு மரப்பெட்டிகளில் ஒரே சரக்காகக் கப்பலில் அனுப்பப் போவதாகவும், ஏஜென்ட் அதை 'உதிரி பாகங்கள்' என்று 8448 என்ற சுங்கக் குறியீட்டில் போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எச்எஸ் (சரக்குகளுக்கான சர்வதேசக் குறியீட்டு முறை) பொதுவிதி 2(அ)-படி, ஏற்றும் வசதிக்காகப் பிரித்த இயந்திரமும் முழு இயந்திரம்தான். நாடா இல்லாத தறி, 30 செ.மீ.க்கு மேல் அகலமான துணி நெய்வது என்றால் 8446.30. தனியாக ஒரு ஜக்கார்டு (தறியில் பூட்டும் உருவ நெசவுக் கருவி) மட்டும் போனால்தான் 8448.11. பேக்கிங் லிஸ்ட்டில் '1/2', '2/2' என்று எழுதி, இரண்டும் சேர்ந்து ஒரே தறி எனக் குறிப்பிடுங்கள்.

பெட்டியைவிட எனக்குக் கவலை துருதான். கடல் வழியில் கன்டெய்னருக்குள் ஈரம் வியர்க்கும். எண்ணெயை வடித்து, பஞ்சுத் தூசியை முழுக்க ஊதி எடுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும், இறங்கும் நாட்டில் தாவரத் தடுப்புச் சோதனையிலும் சிக்கவைக்கும். அப்புறம் துருத் தடுப்பு எண்ணெய் பூசி, விசிஐ (துருவைத் தடுக்கும் ஆவி விடும்) பிளாஸ்டிக்கில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பைகளைப் போடுங்கள். கன்ட்ரோல் போர்டு, ரேப்பியர் தலை, ரீட் (ஊடைநூலை நெருக்கும் சீப்பு) மூன்றையும் கழற்றித் தனியாக நுரையில் பொதியுங்கள்.

தறியின் சட்டத்தை அடிமரத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், கயிறு போதாது. மரத்தில் ஐஎஸ்பிஎம் 15 (பூச்சி பரவாமல் மரப்பெட்டிகளைப் பதப்படுத்தும் சர்வதேச விதி) முத்திரை கட்டாயம் பாருங்கள் (அதில் 'HT' என்றிருந்தால், உள்மரம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடானது என்று பொருள்). பிளைவுட்டுக்கு அது தேவையில்லை, ஆனால் அடிக்கட்டைகளுக்கு வேண்டும். எடை மையத்தையும் பெட்டியின் வெளியே குறித்துவிடுங்கள்.