ஏட்டய்யா பதில்கள்

(கோபிச்செட்டிபாளையம் பக்கம் சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோதே மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்கி நோம்பி (ஊர்த் திருவிழா) மேடைகளில் பாடியவர், இன்றும் பாடுகிறார். சேரும் பணம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குப் போகிறது. எஸ்.எஸ்.ஐ. ஆகி எத்தனையோ நாள் ஆகியும் ஊருக்கு அவர் ஏட்டய்யாதான்.)

காக்கி உடையில் பாடினால் கூட்டம் இன்னும் கூடுமே? வேட்டி சட்டையில்தான் மேடை ஏறுவேன் என்று ஏன் இந்தப் பிடிவாதம்?
– வாசகி, சத்தியமங்கலம்

கூடுமுங்க அம்மிணி. கூட்டமும் கூடும், காசும் கூடும். வம்பே அங்கதான். ஒரு மாரியம்மன் நோம்பியில எங்க ஆளு ஒருத்தர் நல்ல எண்ணத்துலதான் உண்டியலை எடுத்துக்கிட்டுக் கடைவீதிப் பக்கம் போனாரு, காக்கியோட. பஜ்ஜிக் கடைக்காரர் சட்டியில இருந்து கரண்டியைக்கூட எடுக்கல. இடது கையாலயே கல்லாவைத் திறந்து ஐநூறு ரூபாயை நீட்டிட்டாரு. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரசீது குடுத்தா வேண்டாம்னுட்டாரு. எனக்கு மனசு கேக்காம, அந்த ஐநூறைத் திருப்பிக் குடுக்கப் போனனுங்க. மனுசன் இன்னும் மிரண்டு போய், “பத்தலீங்களா சார்?”னாரு!

அது நன்கொடை இல்லீங்க, மாமூல். பாட்டு புடிச்சுப் போய் பத்து ரூபாய் போடறவர் வேற, லத்தியைப் பார்த்து ஐநூறு போடறவர் வேற. அறிவிப்பாளர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்: பேரை மட்டும் சொல்லுங்க தம்பி, எந்த ஸ்டேஷன்ல இருந்தேன்னு சொல்லாதீங்க.

கச்சேரியில் சேரும் பணத்தை யார் கையில் வாங்குகிறீர்கள்?
– வாசகர், பவானி

என் கையில இல்லீங்க. சார்நிலைக் காவலர்களுக்கு 1964-லயே நடத்தை விதிகள் போட்டிருக்குது. அனுமதி இல்லாம வசூல்னு இறங்கினா மெமோ வரும். ஓய்வு பெத்த பின்னாலயும் அதே பழக்கந்தான். உண்டியல் சாவி பதிவு பண்ணுன அறக்கட்டளைக்காரங்ககிட்ட. மேடையிலயே திறந்து, ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் எண்ணி, மைக்குல தொகையைச் சொல்லிருவாங்க. பெரிய தொகை குடுக்கறவங்களுக்கு ஒண்ணு: நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு வேணும்னா, ரூ.2,000-க்கு மேல ரொக்கமாக் குடுக்காதீங்க. செக்கு, இல்லாட்டி பேங்க்குல போடுங்க.

அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசம்தானே? பிறகு எதற்கு வசூல்?
– வாசகர், பெருந்துறை

நல்லாக் கேட்டீங்க. மெஷினுக்குக் காசு வேண்டாம், வாஸ்தவம். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை போகோணும். தடவைக்கு நாலு மணி நேரம் படுத்திருக்கோணும். கூட வர்ற ஆளுக்கு அன்னிக்கு விசைத்தறிக் கூலி போச்சு. பர்கூர் மலையில இருந்து கீழே வர்றவங்களுக்குப் போக வரவே பொழுது முழுசும் தீர்ந்துரும்.

மெஷினை விட்டு எந்திரிக்கறப்போ சிலருக்குப் பி.பி. குறைஞ்சு கண்ணை இருட்டும், கெண்டைக்கால் இழுத்துப் புடிக்கும். ஒரு அம்மா ஆஸ்பத்திரித் திண்ணையில உக்காந்து, காலை நீட்டிப் பேரனைத் தேய்க்கச் சொல்லிட்டிருப்பாங்க. டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு இலவசம்தான், ஆனா நின்னுட்டுப் போகத் தெம்பு வேணுமில்லீங்களா? ஆட்டோதான் கதி. நாங்க பாடற காசு பெரும்பாலும் அந்த ஆட்டோவுக்குத்தான் போகுது. நோயாளி கையில குடுக்கறதில்ல. மாசக் கடைசியில அறக்கட்டளைக்காரங்க ஆட்டோக்காரருக்கே கணக்கு முடிச்சிருவாங்க. நோயாளி கையில குடுத்தா பேரனுக்கு நோட்டு வாங்கிப்போட்டு, பஸ்ஸுலயே தொத்திட்டுப் போயிருவாங்க.

ஊரார் மைக்கையெல்லாம் பத்து மணிக்குப் பிடுங்கியவர் நீங்கள். உங்கள் கச்சேரி எப்போது முடியும்?
– வாசகர், தாராபுரம்

இந்தக் கேள்வி வரும்னு தெரியும்! ஒம்பதே முக்காலுக்கு முடிச்சிருவனுங்க. 2000-ம் வருச ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-ல இருந்து காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்குன்னு 12 மணி வரைக்கும் தளர்த்த அரசுக்கு அதிகாரம் இருக்குது. அதுவும் வருசத்துக்கு 15 நாளுக்கு மேல இல்ல. எங்க டிரம்ஸ் பையனுக்குத்தான் என்மேல கோவம். அவன் தனியா வாசிக்கற முறை எப்பவும் பத்து மணியை ஒட்டித்தான் வரும்.

கல்லூரியில் டிக்கெட் போட்டு, நிவாரண நிதிக்காகச் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கிறோம். உரிமைப் பிரச்சினை வருமா?
– மாணவர், திருச்செங்கோடு

வரும் கண்ணு. பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவுல அமெச்சூர் குழுவுக்கு விலக்கு இருக்குது. ஆனா டிக்கெட் இல்லாம பாடோணும், இல்லாட்டி மத நிறுவனத்தோட நலனுக்காகப் பாடோணும். டிக்கெட் கிழிச்சுட்டு “தர்மத்துக்குத்தானே”ன்னா செல்லாது. பாட்டு எழுதினவங்க, இசையமைச்சவங்க சார்பா உரிமம் குடுக்கற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்துக்கிட்ட உரிமம் வாங்கிருங்க. இல்லையா, நுழைவு இலவசம்னு போட்டுட்டு, தனியா நன்கொடை கேக்கலாமான்னு ஒரு வக்கீலைப் பார்த்து விசாரிங்க.

போலீசுக்கும் பாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?
– வாசகர், கொடுமுடி

கொடுமுடிக்காரர் நீங்களே இப்படிக் கேக்கலாமுங்களா? உங்க ஊர் கே.பி.சுந்தராம்பாளை நாடக மேடைக்கு அறிமுகப்படுத்தினது ஒரு போலீஸ் அதிகாரிதான்னு ஒரு பேச்சு உண்டு. ரயில்ல பாடினதைக் கேட்டு நாடகக்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனாருன்னும் சொல்லுவாங்க. எது நெசமோ, நான் எங்க டிபார்ட்மென்ட் பக்கந்தான். எனக்குப் பாட்டு வந்தது உடுக்கைச் சத்தத்துல. சின்ன வயசுல, உடுக்கை அடிச்சுப் பாடற அண்ணன்மார் கதை விடிய விடியக் கேட்டு வளந்தவன்.

குரலுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?
– வாசகி, காங்கேயம்

பந்தோபஸ்துல கிடைச்ச பொட்டலத்தைத் தின்னு வளந்த குரல். புதுசா எதைக் குடுத்தாலும் கெட்டுப்போயிருமுங்க.

எங்கள் ஊர் நோம்பிக்கு வருவீர்களா? எவ்வளவு தர வேண்டும்?
– நோம்பிக் குழுவினர், சென்னிமலை

வர்றனுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். வாத்தியக்காரங்களுக்கு மட்டும் கூலியும் வண்டி வாடகையும் குடுத்துருங்க. அது அவங்க பொழப்பு, அதுல தர்மம் பாக்கக் கூடாது. உண்டியலை மேடையோரம் வைக்காதீங்க, நான் பாக்கறேன்னு போடுவாங்க. பந்தி முடிஞ்சு கை கழுவற இடத்துல வைங்க. போலீஸ் அனுமதிக் கடுதாசியை மட்டும் முன்கூட்டியே வாங்கிருங்க. ஏட்டய்யா கச்சேரிதானேன்னு விட்டுட்டா, இப்ப இருக்கற எஸ்.ஐ. வந்து நிறுத்திருவாரு. நிறுத்தோணும்!