பழைய ஹார்டு டிஸ்க் திறக்க மறுக்கிறதா? பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. விண்டோஸ் 7 போட்ட பழைய மெஷின். அதன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யுஎஸ்பி கேஸில் போட்டு, விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்பில் சொருகினேன். ஈ டிரைவ் என்று தெரிகிறது. ஆனால் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் அப்பாவின் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. 'கன்டினியூ' அழுத்தினால் பச்சைக் கோடு வெகுநேரம் ஊர்ந்துவிட்டு, மறுபடியும் மறுப்பு. அப்பா இப்போது இல்லை. அவர் எடுத்த பத்து வருடப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. லேப்டாப்பில் நான்தான் அட்மினிஸ்ட்ரேட்டர், பிறகு எனக்கே ஏன் அனுமதி இல்லை? கடையில் கேட்டால், "டேட்டா ரெக்கவரி பண்ணணும், ஐயாயிரம் ஆகும்" என்கிறார்கள். ஒரு வீடியோவைப் பார்த்து, விண்டோஸில் ஒளிந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையும் இயக்கிவிட்டேன். அது ஆபத்தா?

பதில்: ஐயாயிரத்தைப் பையிலேயே வையுங்கள். ஃபோல்டர் பெயர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, திறக்கத்தான் அனுமதி இல்லை என்றால் டிஸ்க் அநேகமாகக் கெட்டுப்போயிருக்காது. பெரும்பாலும் படங்களும் பத்திரமாகத்தான் இருக்கும். இது ரெக்கவரி வேலையே இல்லை. பெயர் மாறாமல் கிடக்கும் பத்திரம் மாதிரியான சிக்கல்.

விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலோடும் இரண்டு விஷயங்களை எழுதி வைக்கிறது. ஒன்று, அதன் உரிமையாளர் யார். இன்னொன்று, யார் யார் அதைப் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்ற பட்டியல். 1993-ல் விண்டோஸ் என்டியோடு வந்த, டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையிலிருந்து இப்படித்தான். உரிமையாளர் என்பது பத்திரத்தில் உள்ள பெயர், அனுமதி என்பது சாவி. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால், சாவி தொலைந்தாலும் பூட்டை மாற்றிக்கொள்ளலாம். அதேபோல, அனுமதிப் பட்டியலில் தன் பெயரே இல்லாவிட்டாலும் ஃபைலின் உரிமையாளர் அந்தப் பட்டியலைத் திருத்த முடியும்.

அப்படியானால் அட்மினிஸ்ட்ரேட்டர் யார்? பட்டா மாறுதல் செய்து தரும் தாசில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதற்காகத் தாலுகாவில் உள்ள நிலமெல்லாம் அவருடையது ஆகிவிடாது. நீங்கள் அட்மின் என்றால் எந்த ஃபைலையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாற்றாதவரை அது உங்களுடையது இல்லை.

சரி, பத்திரத்தில் இருக்கும் பெயர்தான் என்ன? அங்கே பெயரே கிடையாது, எண்தான். எஸ்-1-5-21 என்று தொடங்கி, நடுவில் மூன்று நீளமான எண்கள் வந்து, கடைசியில் 1000 அல்லது 1001 என்பது போல முடியும். நடுவில் உள்ள மூன்றும் விண்டோஸை நிறுவும்போது அந்தக் கணினிக்கென்று உருவானவை. அதனால் புது லேப்டாப்பில் அப்பாவின் பெயரிலேயே கணக்கு உருவாக்கி, பழைய பாஸ்வேர்டையே கொடுத்தாலும் பயனில்லை. பெயர் ஒன்றுதான், எண் வேறு. பழைய ஃபோல்டரின் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து பார்த்தால் 'அக்கவுண்ட் அன்நோன்' என்று போட்டு, பக்கத்தில் அந்த நீள எண் இருக்கும். இந்த லேப்டாப்புக்கு முன்பின் தெரியாத ஆள் என்று அர்த்தம்.

ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான சில எண்களும் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவின் எண் எந்த விண்டோஸிலும் எஸ்-1-5-32-544 தான். அப்பாவின் ஃபோல்டர் பட்டியலிலும் அந்தக் குழு இருந்திருக்கும். அப்படி இருந்துமே முதல் தட்டிலேயே ஏன் மறுக்கிறது? விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அட்மின் கணக்குக்கு இரண்டு அடையாள அட்டைகள். அன்றாட வேலைக்குச் சாதாரண அட்டை. திரை மங்கி, "இந்த ஆப் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கும்போது 'யெஸ்' அழுத்தினால் மட்டும், அந்த ஒரு புரோகிராமுக்கு அட்மின் அட்டை போகும். நாம் ஃபோல்டர் திறக்கும் எக்ஸ்ப்ளோரர் எப்போதும் சாதாரண அட்டையோடுதான் ஓடுகிறது.

நீங்கள் 'கன்டினியூ' அழுத்தியபோது, எக்ஸ்ப்ளோரர் ஒரு நொடி அட்மின் அட்டையை வாங்கி, உங்கள் கணக்கின் எண்ணை அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாகச் சேர்க்கப் பார்த்தது. பச்சைக் கோடு ஊர்ந்ததற்குக் காரணம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலிலும் எழுத வேண்டியிருந்ததுதான். பலருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். உங்களுக்கு முடியாததால், எங்கோ அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவையே பட்டியலிலிருந்து யாரோ நீக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அப்பா அந்த ஃபோல்டரை வீட்டில் மற்றவர்கள் திறக்காதபடி வைத்திருந்திருக்கலாம். அது அவர் உரிமை.

பத்திரத்தைத் தொடும் முன் பூட்டு வேறு வகையா என்று பார்த்துவிடுங்கள். டிரைவ் முழுவதையும் பூட்டும் பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் ஃபோல்டர் பெயர்களே தெரியாது, வாசலிலேயே பாஸ்வேர்டோ 48 இலக்க எண்ணோ கேட்கும். உங்களுக்குப் பெயர்கள் தெரிவதால் அது இல்லை. இன்னொன்று ஃபைல் அளவிலான என்கிரிப்ஷன். விண்டோஸ் 7-ன் ஹோம் பதிப்புகளில் அது கிடையாது, புரொஃபஷனலில் உண்டு. அப்படி மறைத்த படத்தின் ஐகான் மூலையில் சின்னப் பூட்டு தெரியும். அதற்கு உரிமையாளர் பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் திறக்காது, ஏனென்றால் உள்ளிருப்பதே சங்கேதமாகக் கிடக்கிறது. திறக்கும் சாவி அப்பாவின் பழைய ப்ரொஃபைலுக்குள், அதாவது 'யூசர்ஸ்' கீழே அவர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள், அவர் பாஸ்வேர்டைக் கொண்டு பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பூட்டுச் சின்னம் கண்ணில் பட்டால் மட்டும் கை வைக்காமல் டிஸ்கை எடுத்து வையுங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம், பாஸ்வேர்டு நினைவிருந்தால் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். எல்லோரும் சொல்லும் வழி, ஃபோல்டரை நம் பெயருக்கு மாற்றுவது. அதையும் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் கை வைப்பது அதில் இல்லை. உரிமையை மாற்றுவதென்றால் அந்தப் பழைய டிஸ்கில் ஆயிரக்கணக்கான இடங்களில் எழுதுவது. பத்து வருடம் ஓடிய டிஸ்க், 'டக் டக்' என்று சத்தம் வேறு வந்தால், அதில் எழுதவே கூடாது. படித்து எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே ஆள் இருக்கிறார்: ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை.

அட்மின்களுக்கு பேக்கப் எடுக்கும் சலுகை என்று தனியாக ஒன்று உண்டு. அந்தச் சலுகையில் படிக்கும்போது அனுமதிப் பட்டியலை விண்டோஸ் பார்ப்பதே இல்லை. ரோபோகாப்பி அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஸ்டார்ட்டில் சி, எம், டி என்று மூன்று எழுத்தைத் தட்டி, வரும் கமாண்ட் ப்ராம்ப்டின் மேல் ரைட் க்ளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். இது முக்கியம். சாதாரணமாகத் திறந்தால் சாதாரண அட்டைதான், சலுகை கிடையாது. அங்கே ரோபோகாப்பி என்று ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, இடைவெளி விட்டு, எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற முழுப் பாதை, அப்புறம் எங்கே போட வேண்டும் என்ற பாதை. இரண்டையும் தனித்தனியாக இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். போய்ச் சேரும் இடம் லேப்டாப்பில் ஒரு புது, காலி ஃபோல்டராக இருக்கட்டும்.

பாதைகளுக்குப் பின்னால் ஐந்து குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சாய்கோடு. 'ஈ' போட்டால் உட்ஃபோல்டர்கள் எல்லாம் வரும். 'பி' தான் நான் சொன்ன பேக்கப் சலுகை. 'எக்ஸ்ஜே' போடாவிட்டால் தலைவலி. பழைய ப்ரொஃபைலுக்குள் 'அப்ளிகேஷன் டேட்டா' மாதிரியான பொய் வாசல்கள் உண்டு. உள்ளே போனால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும். எக்ஸ்ஜே அவற்றைத் தாண்டிப் போகச் சொல்கிறது. கடைசியில் 'ஆர்' முக்காற்புள்ளி 1, 'டபிள்யூ' முக்காற்புள்ளி 1. படிக்க முடியாத ஃபைல் வந்தால் ஒரே ஒரு தடவை, ஒரு நொடி காத்திருந்து முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போ என்று அர்த்தம். இதைச் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி ஒரே ஃபைலைப் பத்து லட்சம் தடவை, முப்பது முப்பது நொடி இடைவெளியில் முயன்றுகொண்டே இருக்கும். மிகைப்படுத்தவில்லை, அதன் இயல்பான அமைப்பே அதுதான். இன்னொன்று, இணையத்தில் எடுத்த வரிகளில் 'மிர்' என்று இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். மூலத்தில் இல்லாததையெல்லாம் போய்ச் சேரும் இடத்தில் அழித்துவிடும். 'காப்பிஆல்' என்பதும் வேண்டாம். பழைய அனுமதிகளையும் சேர்த்துத் தூக்கி வந்து, புது இடத்திலும் அதே சிக்கலை உட்கார வைக்கும். அது இல்லாமல் நகலெடுத்தால், நகல்கள் புது ஃபோல்டரின் அனுமதியையே எடுத்துக்கொள்ளும். இரண்டு படங்களைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் முடிந்தது.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்து, அதை அப்படியே தொடர்ந்து பயன்படுத்த நினைத்தால் மட்டும் பட்டா மாறுதல். அப்பாவின் ஃபோல்டரில் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே 'ஓனர்' வரிக்குப் பக்கத்தில் 'சேஞ்ச்'. உங்கள் கணக்கின் பெயரை அடித்து 'செக் நேம்ஸ்' அழுத்துங்கள். சரியாக இருந்தால் பெயருக்கு அடிக்கோடு விழும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்கு இங்கே குழப்பம் வரும், லேப்டாப்புக்குள் உங்கள் பெயர் பலநேரம் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துதான். கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஹூ ஆம் ஐ' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்தால் சரியான பெயரைச் சொல்லிவிடும்.

பெயர் ஏறியதும், உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்று என்ற கட்டத்தில் டிக் போட்டு 'அப்ளை' கொடுங்கள். உள்ளடக்கத்தைப் படிக்க அனுமதி இல்லை, முழு அனுமதி தரும்படி மாற்றட்டுமா என்று கேட்டால் 'யெஸ்'. பிறகு எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும், இல்லையென்றால் திரையில் பழைய விவரமே நிற்கும். பலர் இந்த இடத்தில் நின்றுவிட்டு, ஓனர் ஆகியும் திறக்கவில்லையே என்கிறார்கள். பத்திரம் மாறியது, சாவி இன்னும் வெட்டவில்லை. அதே பக்கத்தில் 'ஆட்' கொடுத்து உங்கள் பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' சேர்த்தால்தான் வேலை முழுமை. 'எவ்ரிஒன்' என்று போட்டால் சுலபம்தானே என்று தோன்றும். வேண்டாம். லேப்டாப்பில் நுழையும் எல்லாக் கணக்குக்கும் அழிக்கும் உரிமையைக் கொடுத்துவிடுவீர்கள்.

இதை அந்த ஒரு ஃபோல்டரோடு நிறுத்துங்கள். ஈ டிரைவ் முழுவதற்கும் வேண்டாம். லேப்டாப்பின் சி டிரைவ் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். விண்டோஸ் 7 காலத்தில் நான் அதைச் செய்திருக்கிறேன். எதைத் தொட்டாலும் அனுமதி கேட்கிறதே என்ற எரிச்சலில் சி டிரைவ் மொத்தத்தையும் என் பெயருக்கு மாற்றினேன். அன்று ராத்திரி ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் அப்டேட்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்க ஆரம்பித்து, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். விண்டோஸின் சொந்த ஃபைல்களுக்கு டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற சேவைதான் உரிமையாளர், அட்மின்கூட இல்லை. தெரியாமல் ஒன்றிரண்டை மாற்றிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ஓனர் பெட்டியில் 'என்டி சர்வீஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, பின்சாய்கோடு போட்டு, டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் ஏற்றுக்கொள்ளும்.

பழைய டிஸ்கில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்று ஒரு ஃபோல்டரும் மறைவாக இருக்கும். அது திறக்கவில்லை என்று அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். திறக்கக் கூடாது என்றே வைத்த கைகாட்டி அது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் அந்தப் பாதையைத் தேடி வந்தால் 'யூசர்ஸ்' பக்கம் திருப்பிவிடுவதற்காக இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

கடைசியாக, நீங்கள் இயக்கிவிட்ட ஒளிந்திருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர். அந்த வீடியோ சொன்ன வழியால் உங்கள் சிக்கல் தீராதது தற்செயல் இல்லை. அப்பாவின் ஃபோல்டர் பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவே இல்லையென்றால் எந்த அட்மினுக்கும் கதவு ஒன்றுதான். ஆனால் அந்தக் கணக்கில் நுழைந்தால் இரண்டு அட்டை ஏற்பாடு இயல்பாகவே கிடையாது, ஓடும் எல்லாமே கேள்வி கேட்காமல் முழு அதிகாரத்தோடு ஓடும். பாஸ்வேர்டும் வைக்காமல் விட்டிருப்பீர்கள். விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியே தருவது இதனால்தான். முதலில் உங்கள் கணக்கு அட்மின்தானா என்று செட்டிங்ஸில் உறுதி செய்யுங்கள். பிறகு அந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்து, உங்கள் கணக்கில் நுழைந்து, அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட்', 'யூசர்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற மூன்று சொற்களை இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். இன்னொரு இடைவெளி, சாய்கோடு, ஒட்டியே 'ஆக்டிவ்', முக்காற்புள்ளி, 'நோ'. என்டர். அடுத்த முறை லேப்டாப்பைத் திறக்கும்போது நுழைவுத் திரையில் அந்தப் பெயர் இருக்காது.