பன்னிரண்டு நாள் கப்பல் டிக்கெட் வாங்கலாமா?

கேள்வி: ஓஸ்லோவில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். இருவருக்கும் 65-க்கு மேல் வயது. நார்வே கரையோரமாக, பெர்கனிலிருந்து வடகோடியிலுள்ள கிர்கெனெஸ் போய்த் திரும்பும் 12 நாள் கப்பல் பயணத்தை, துறைமுகச் சுற்றுலாக்களோடு சேர்த்து ஓர் ஏஜென்ட் விற்கிறார். நள்ளிரவுச் சூரியன், வடதுருவ ஒளி (அரோரா) இரண்டையுமே பார்க்கலாமாம். வாங்கலாமா?

பதில்: அந்த 'இரண்டையுமே' என்பதை நம்பாதீர்கள். வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இருக்கும் ட்ரொம்ஸோ பக்கம் மே கடைசியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டாத வானத்தில் வடதுருவ ஒளி எப்படித் தெரியும்? இதையே கூசாமல் சொல்கிறவர் மற்ற விஷயங்களில் என்ன சொல்லியிருப்பாரோ!

அப்புறம், இது சொகுசுக் கப்பல் இல்லை. தபாலும் சரக்கும் ஆட்களும் போக 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் தொடங்கிய தடம். இன்று அரசு ஒப்பந்தத்தில் ஹுர்டிகுருட்டன், ஹவிலா என்ற இரு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. வழியில் 34 துறைமுகங்கள். கிட்டத்தட்ட டவுன் பஸ் மாதிரிதான்: சில ஊர்களில் கால் மணி நேரம் நின்று, சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடும். எந்த ஊரில் ஏறி எந்த ஊரில் இறங்கவும் டிக்கெட் உண்டு. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

போகும்போது தூக்கத்தில் தவறவிடும் ஊர்களைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம் என்பதுதான் 12 நாள் பயணத்துக்குச் சொல்லும் காரணம். உண்மைதான், போகையில் விடியற்காலையில் வரும் ஹாமர்ஃபெஸ்ட், திரும்புகையில் பகலில் வரும். ஆனால் அதற்காக இன்னும் ஐந்து இரவுகள் கப்பலிலேயே இருக்க அப்பா, அம்மாவுக்குப் பொறுமை இருக்குமா? நானாக இருந்தால் பெர்கனிலிருந்து ட்ரொம்ஸோ வரை மட்டும் வாங்குவேன். நான்கு இரவுகள். ஓலெசுண்ட், ட்ரொன்ஹைம், ஆர்க்டிக் வட்டத்தைக் கடப்பது, லொஃபோட்டன் தீவுகள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். ட்ரொம்ஸோவிலிருந்து ஓஸ்லோவுக்கு விமானம் இருக்கிறது.

சுற்றுலாக்களை மொத்தமாக வாங்காதீர்கள். ட்ரொன்ஹைமில் கப்பல் சுமார் மூன்று மணி நேரம் நிற்கும். நிடாரோஸ் தேவாலயம் துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். நடக்க முடியாவிட்டால் டாக்ஸி. 1904 தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய ஓலெசுண்ட் தெருக்களைப் பார்க்கவும் வழிகாட்டி தேவையில்லை. ஒருவேளை கிர்கெனெஸ் வரை போவதாக இருந்தால், ஹொனிங்ஸ்வோகில் மட்டும் பணம் கொடுத்துச் சுற்றுலா வாங்குங்கள். நார்த் கேப் எனும் குன்றுமுனை அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், நேரமோ குறைவு. தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் கப்பல் போகும். ஆனாலும் ஸ்டாட், ஹுஸ்டாட்விகா, பூடோவுக்கு அப்பால் வெஸ்ட்ஃப்யோர்ட் ஆகிய இடங்களில் திறந்த கடல் ஆட்டும். கடல் குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்குத் துறைமுகம் டிக்கெட்டில் எந்தெந்த வேளைச் சாப்பாடு சேரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். அறையில் 'ஜன்னல் உண்டு' என்றால் மட்டும் போதாது; சில ஜன்னல்களுக்கு நேர் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். கப்பலின் தள வரைபடத்தில் அறை எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.