பொருத்த வந்தவர் கொடுத்த சம்மதம்

கேள்வி: சென்ற மாதம் 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கினோம். பொருத்த வந்தவர் திரையில் வந்த எல்லாவற்றுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போய்விட்டார். நாங்கள் பார்ப்பதை எல்லாம் டிவி நிறுவனத்துக்கு அனுப்பும் என்கிறான் மகன். நாங்கள் பார்ப்பது கேபிள் சேனல்கள்தானே, அதெப்படி முடியும்?
- வாசகி, கரூர்

பதில்: முடியும். கேபிளா, டிவிடியா என்பது டிவிக்குப் பொருட்டே இல்லை. திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை எடுத்து அனுப்பும். நிறுவனத்திடம் உள்ள நிகழ்ச்சித் தொகுப்போடு அதை ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது எந்தத் தொடர், எந்த விளம்பரம் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் இதில்தான் மாட்டியது. 2014 பிப்ரவரி முதல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து வினாடிக்கு வினாடி விவரம் திரட்டி விற்றது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. ஏற்கெனவே விற்ற பழைய டிவிகளிலும் இணையம் வழியாகவே இந்த மென்பொருளை ஏற்றியிருந்தார்கள். அந்த வசதியின் பெயர் 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி'. நிகழ்ச்சிப் பரிந்துரைக்கானது என்று விளக்கம் வேறு. இதை வேவு என்று யார் நினைப்பார்கள்? 2017இல் 22 லட்சம் டாலர் செலுத்தி அரசுத் தரப்பு வழக்கை முடித்துக்கொண்டார்கள். டிவி ஒன்றுக்கு 20 சென்ட்! ஒரு குடும்பத்தின் வரவேற்பறைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, சம்மதம் என்பது விவரம் அறிந்து, தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். உங்கள் வீட்டில் சம்மதித்தவர் பொருத்த வந்தவர். நீங்கள் அதைப் படிக்கக்கூட இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: டிவியின் அமைப்புகளில் தனியுரிமை அல்லது விதிமுறைகள் பகுதியைத் திறந்து பாருங்கள். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்ற பெயர்களில் இந்த வசதி இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். அணைத்துவிடுங்கள். சேனல்கள் வழக்கம்போலவே வரும். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கேபிள் மட்டுமே போதும் என்றால் டிவியில் சேமித்துள்ள வைஃபை இணைப்பையே நீக்கிவிடலாம். இணையம் இல்லாமல் அது எதையும் அனுப்ப முடியாது.