ஷாம்பூவை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து வேலைக்காக பெங்களூரு வந்து, கே.ஆர்.புரத்தில் ஓர் அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன். தினமும் தலைக்குக் குளித்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றும்போது முடி பிசுபிசுவென்று படிந்துகிடக்கிறது, சீப்பு ஓடுவதில்லை. ஷாம்பூவை மூன்று முறை மாற்றிவிட்டேன். சலூனில் 'ஹேர் ஸ்பா' செய்யச் சொல்கிறார்கள். ஆன்லைனில் 'ஹார்ட் வாட்டரை சாஃப்ட் ஆக்கும்' என்று 2,500 ரூபாய்க்கு ஷவர் ஃபில்டர் பார்த்தேன். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். குளியலறைக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்து, நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிர்கிறதா? உதிர்ந்தால், உங்கள் வீட்டுக்கு வருவது போர் தண்ணீர் அல்லது டேங்கர் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியமும் மெக்னீசியமும் முடியிலும் ஏறும். சோப்பு போட்டால் நுரைக்குப் பதில் பிசுக்குப் படலமாகத் தங்கும். ஷாம்பூவில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் முடி சொரசொரத்துப் போகும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்லும் ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. பெங்களூருக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா, வந்தும் போர் தண்ணீரோடு கலந்துதான் ஏற்றுகிறார்களா என்று அசோசியேஷனில் கேளுங்கள்.

ஷவர் ஃபில்டர் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரின் கடினத்தை எடுப்பது ரெசின் எனும் பிசின் மணிச் சரக்கு. அது நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். 500 மில்லிகிராம் கடினமுள்ள தண்ணீரில் ஒரு லிட்டர் ரெசினே நூறு, இருநூறு லிட்டரில் களைத்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் டப்பாவில் எவ்வளவு ரெசின் இருக்கும்? பெரும்பாலான ஷவர் ஃபில்டர்கள் உருப்படியாகச் செய்வது குளோரினைக் குறைப்பது மட்டும்தான். அதனால்தான் விற்பவர் டெமோவில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சளாகிறதா என்று காட்டுகிறார். அது குளோரின் சோதனை. சிலர் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நீட்டுவார்கள், அதுவும் ஆகாது. ரெசின் வைத்த நல்ல சாஃப்ட்னரில் கடினம் போன பிறகும் டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து உட்கார்கிறது. கடினத்தை அளக்கும் சொட்டு மருந்து கிட் தனி. மீன் தொட்டிக் கடையில்கூடக் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக எண்ணி விடுங்கள், நிறம் மாற எத்தனை சொட்டு என்பதுதான் அளவு.

கட்டடத்தில் ஏற்கெனவே சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கிறதா? பல இடங்களில் இருக்கும், உப்புதான் போட்டிருக்க மாட்டார்கள். மாதாமாதம் மெயின்டனன்ஸ் வாங்குகிறவர்களிடம் கடைசியாக எப்போது உப்பு போட்டீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. வாடகைக்காரர் என்றால் ஓனர் மூலம் கேளுங்கள்.

அதுவரை வாங்க வேண்டியது கொஞ்சம்தான். ஷாம்பூ பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: மூலப்பொருள் பட்டியலில் டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. இருந்தால் நல்லது, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சரக்கு அது. கண்டிஷனரை நுனியில் மட்டும் தடவுங்கள், வேரில் வேண்டாம். கடைசி அலசலுக்கு இரண்டு மக் ஆர்.ஓ. தண்ணீர் போதும். ஒன்று முக்கியம்: தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவர்கள் இங்கே நிறைய. நல்ல மனசுதான், ஆனால் குழாயில் இருந்ததைவிட அதிக உப்பு அதில்தான் இருக்கிறது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒருமுறை துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். முந்தைய வாரத்து வியர்வையும் எண்ணெயும் அதில் ஊறிக்கிடந்தால் எந்த ஷாம்பூவும் காப்பாற்றாது.

கேள்வி: சாஷே லாபமா, பாட்டில் லாபமா?

பதில்: சாஷே ஷாம்பூ நம்ம கடலூர்க்காரர்கள் ஊரெங்கும் பரப்பிய சமாச்சாரம், மட்டமாக நினைக்க வேண்டாம். பாட்டிலில் எம்.ஆர்.பி. அருகே ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். சாஷேயில் நீங்களே வகுத்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் சாஷேதான் மலிவு. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூ, தலை எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் பழைய வரி இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: சலூனில் ஆறு முறைக்கான பேக்கேஜ் வாங்கினேன். இரண்டு முறை போனதும் கடையை மூடிவிட்டார்கள். பணம் திரும்புமா?

பதில்: ரசீது, வாட்ஸ்அப் செய்தி, யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மீதி நான்கு முறைக்கான தொகையைத் தனியாகக் கணக்கிட்டு எழுதிக் கொடுங்கள்.