ஓ நெகட்டிவ் என்பதற்காக ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். என்னுடையது ஓ நெகட்டிவ் ரத்தம். ஒரு முகாமில் பெயர் கொடுத்ததிலிருந்து யார் யாரோ போன் செய்கிறார்கள். கூப்பிட்டால் போய்விடுவேன். போகிற ஷிப்டுக்குக் கூலி கிடையாது. ஆனாலும் கொடுத்துவிட்டு வரும்போது மனசு நிறைந்திருக்கும். அந்த நிறைவு வேறு எதிலும் எனக்குக் கிடைப்பதில்லை. கடைசியாக ஜூலை 14-ஆம் தேதி கொடுத்தேன். அப்போது முந்தைய தடவை கொடுத்து 58 நாள்தான் ஆகியிருந்தது. தேதியை மாற்றிச் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே ஏற்காட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு பைக்கில் ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் கண் இருட்டிவிட்டது. அதிலிருந்து வீட்டில் சண்டை. “ஊருக்கெல்லாம் கொடுக்கிறீங்க, வீட்டுக்கு என்ன மிச்சம்?” என்கிறாள் மனைவி. போன மாதம் இரவு ஒரு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. போகவில்லை. அந்த நோயாளி என்ன ஆனாரோ என்று இன்னும் உறுத்துகிறது. நான் செய்வது சரியா? சந்தோஷம் கிடைக்கிறது என்பதற்காகச் செய்வது சுயநலமா?

பதில்: அந்த இரவு ஒரு மணி அழைப்பிலிருந்தே தொடங்கலாம். உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

உங்கள் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தை அப்படியே கொண்டுபோய் நோயாளிக்கு ஏற்றிவிட மாட்டார்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை செய்ய வேண்டும். சிவப்பணு தனி, நீர்ப்பகுதியான பிளாஸ்மா தனி எனப் பிரிக்க வேண்டும். நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கே சில மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவில் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு ஏறுவது, ஏற்கெனவே சோதித்துக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் பைதான். அதனால் நீங்கள் போகாததால் ஓர் உயிர் போயிருக்குமோ என்று நினைத்து மருக வேண்டாம்.

இதிலேயே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ கெடாமல் இருக்கும். யாரும் கூப்பிடாத ஒரு வார விடுமுறையில், வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் ரத்த மையத்துக்கோ உங்களுக்குப் பழக்கமான வேறு ரத்த மையத்துக்கோ போய் நீங்கள் கொடுக்கும் ஒரு பை, பத்து நாள் கழித்து ஏதோ ஒரு நள்ளிரவில் ஒருவருக்கு ஏறும். மலையிலிருந்து பிரசவத்துக்காக இறக்கிக் கொண்டுவரப்பட்ட பெண்ணாக இருக்கலாம், நெடுஞ்சாலையில் அடிபட்டவராக இருக்கலாம். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியவராது. போனில் ஒருவர் அழுது, நீங்கள் ஓடி, அவர் கும்பிட்டு நன்றி சொல்லும்போது கிடைக்கிற அந்தச் சூடு இதில் இருக்காதுதான். ஆனால் நோயாளிக்கு இதுதான் கூடுதல் பயன். கூலியும் போகாது.

சுயநலமா என்று கேட்கிறீர்கள். இல்லை. கொடுத்தவன் மனம் குளிர்வதில் ஒரு குற்றமும் கிடையாது. முகம் சுளித்துக்கொண்டு கொடுத்தால்தான் தர்மம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பார்க்க வேண்டியது, அந்த நிறைவுக்கு விலை கொடுப்பது யார் என்பதை. உங்கள் நேரம், உங்கள் வலி, உங்கள் ஓய்வுநாள் எல்லாம் நீங்களே கொடுக்கும் விலை. அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் ரத்த மையத்தில் உண்மையை மாற்றிச் சொன்னால், அந்தப் பையை ஏற்றிக்கொள்பவரும் உங்களோடு சேர்ந்து விலை கொடுக்க நேரலாம். கண் இருட்டிய அந்த வளைவில் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் கொடுக்க இருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆண்கள் முழு ரத்தம் (எதையும் பிரிக்காமல் அப்படியே எடுப்பது) கொடுக்க 90 நாள் இடைவெளி வேண்டும், பெண்களுக்கு 120 நாள். 45 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 350 மில்லி, 55 கிலோவைத் தாண்டினால் 450 மில்லி வரை எடுப்பார்கள். இதில் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். அதனால்தான் மறுநாளே “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று தோன்றுகிறது. சிவப்பணு அப்படித் திரும்பாது. 450 மில்லியோடு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும் போய்விடுகிறது. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது பொதுவாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். 58 நாளில் அது எப்படி நிரம்பும்?

ரத்த மையத்தில் விரலில் குத்திப் பார்ப்பது ஹீமோகுளோபினை மட்டும்தான். 12.5 கிராம் இருந்தால் படுக்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் கையில் புரளும் வாரக்கூலி என்றால், உடலின் இரும்புச் சேமிப்பு அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கும் சிறுவாட்டுப் பணம். கூலி வந்துகொண்டிருக்கும்வரை பானை காலியானது வெளியில் தெரியாது. அதைப் பார்க்க ‘ஃபெரிட்டின்’ என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. பெரும்பாலான லேப்களில் செய்வார்கள். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை கொடுப்பவர்கள் வருடத்தில் ஒரு தடவையாவது பார்த்துவிடுவது நல்லது. 30-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு கரைந்துவிட்டது என்று பொருள். மருத்துவரைப் பார்த்து இரும்பு மாத்திரை எடுத்து, அது ஏறும்வரை கொடுக்காமல் இருங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, தறி ஓட்டும்போதே அசந்துபோவது, முடி கொட்டுவது எல்லாம் இந்தக் குறைவால் வரலாம்.

சாப்பாட்டில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) இரும்பை எளிதில் உடம்பில் சேர்க்கும். கீரை, கேழ்வரகு, கொள்ளு ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாது. கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் எடுத்துக்கொள்ளும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி அதையே தின்று பயனில்லை. தறிக்கூடத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு: சாப்பிட்ட கையோடு டீ. டீயும் காபியும் அந்த வேளை இரும்பைத் தடுத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

தேதியை மாற்றிச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று தேதி, நாளை யாரோ கெஞ்சினால் போன வாரக் காய்ச்சலையும் சாப்பிட்ட மாத்திரையையும் மறைக்கத் தோன்றும். தொற்று ஏறிய முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ சோதனையிலும் அது தெரியாமல் போகலாம். அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பாற்றுவது, படிவத்தில் நீங்கள் எழுதும் உண்மை ஒன்றுதான்.

அடுத்து, போன். ஓ நெகட்டிவ் சிவப்பணுவை அவசரத்தில் எந்தப் பிரிவினருக்கும் ஏற்றலாம். ஆனால் ஓ நெகட்டிவ் நோயாளிக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏறும். நம் நாட்டில் எல்லா நெகட்டிவ் பிரிவுகளையும் சேர்த்தாலே நூறில் ஏறக்குறைய ஐந்து பேர்தான். அப்படிப்பட்ட ரத்தம் தேவையில்லாத இடத்துக்குப் போய்விடக் கூடாது. அழைப்பவரிடம் பதற்றப்படாமல் கேளுங்கள்: எந்த மருத்துவமனை, எந்த வார்டு? நோயாளிக்கு எந்தப் பிரிவு, எத்தனை யூனிட்? சிவப்பணுவா, தட்டணுவா (பிளேட்லெட்)? ஆபரேஷன் என்றைக்கு? கடைசியாக, மிக முக்கியமாக: “ரத்தம் ரத்த மையத்தில் இருக்கிறதா, அதற்குப் பதில் ரத்தம் கேட்கிறார்களா?”

பல நேரங்களில் இந்தக் கடைசிக் கேள்வியிலேயே விஷயம் தெளிந்துவிடும். மையம் தன் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, ஈடுகட்ட ஒருவரை அனுப்பச் சொல்லியிருக்கும். அந்த ஈடுக்கு எந்தப் பிரிவாக இருந்தாலும் போதும். கூட நிற்கும் அண்ணன், மச்சான், சித்தப்பா யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பயத்தில் அவர்கள் அதே பிரிவைத் தேடி ஊரெல்லாம் போன் செய்துகொண்டிருப்பார்கள். “உங்கள் மச்சானுக்கு வயது 18-க்கு மேல், எடை 45 கிலோவுக்கு மேல் இருக்கிறதா? காலையில் சாப்பிட்டாரா? அவரே கொடுக்கலாம், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்” என்று எடுத்துச் சொன்னால், புதிதாக ஒரு கொடையாளர் உருவாகிறார். இதுவும் உதவிதான். அவருடைய நிறைவை அவர் அடையட்டும்.

தட்டணு கேட்டால் கணக்கு வேறு. அதற்கு உங்கள் பிரிவு ‘எல்லோருக்கும் பொருந்தும்’ என்பது சரியாக வராது, ஏனென்றால் கூடவே போகும் பிளாஸ்மாவில் ஏ, பி பிரிவுகளுக்கு எதிரான பொருள் இருக்கும். இயந்திரத்தில் தட்டணு மட்டும் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறைந்தது 48 மணி நேர இடைவெளி, வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 24-க்கு மேல் கூடாது. முழு ரத்தம் கொடுத்திருந்தால் 28 நாள் பொறுக்க வேண்டும்.

நீங்கள் இரவு ஷிப்டும் பார்ப்பவராக இருந்தால், ஷிப்ட் முடிந்த கையோடு தூங்காமல் போய்க் கொடுக்கக் கூடாது. தேசிய வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. கடினமான வேலை செய்பவர்கள் அடுத்த ஷிப்டுக்கு 24 மணி நேரம் முன்பாகவே கொடுத்து முடித்திருக்க வேண்டும். ஓடும் தறிக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு டம்ளர் தண்ணீர், கொடுத்தபின் கால் மணி நேரம் உட்கார்ந்து ஜூஸ். ஊசி போட்ட கையால் அன்று பாவு உருளையைத் தூக்க வேண்டாம். கண் இருட்டினால் இருந்த இடத்திலேயே படுத்துக் காலை உயர்த்துங்கள். எழுந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஏற்காட்டுக்கு அன்று போயே ஆக வேண்டுமென்றால் பஸ்ஸில் போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் பைக் ஓட்டும் நாள் அது இல்லை.

யாராவது பணம் நீட்டினால் வாங்காதீர்கள். ரத்தத்துக்குக் கூலி வாங்குவது 1998 ஜனவரி 1 முதல் தடை. ஆனால் ஆட்டோ, பஸ் கட்டணத்தை அவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தவறில்லை. அதையும் மறுத்து வீட்டுச் செலவில் துண்டு விழவிடுவது தேவையில்லாத வீம்பு.

இனி மனைவி. “வீட்டுக்கு என்ன மிச்சம்” என்று அவர் கேட்பது கணக்கு. அதற்குக் கணக்காகவே பதில் சொல்லுங்கள். வருடத்துக்கு மூன்று முறை, மூன்றும் விடுமுறை நாளில், ஷிப்டுக்குப் பாதகம் இல்லாமல் என்று இருவரும் உட்கார்ந்து பேசி, தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். ஜூலை 14-லிருந்து 90 நாள் அக்டோபர் 12-இல் முடிகிறது. ஆனால் இரண்டு முறை நெருக்கிக் கொடுத்துவிட்டதால் அன்றே போக வேண்டாம். முதலில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்து, நவம்பருக்குத் தள்ளுங்கள். அதுவரை வரும் அழைப்புகளை அவர் எடுக்கட்டும். மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அவரே கேட்டுக்கொள்வார். நவம்பரில் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்து, தானும் கொடுக்கிறேன் என்றால் கொடுக்கட்டும். அவருக்கு அடுத்த முறை 120 நாள் கழித்து. இருவரும் ஒரே நாளில் வேண்டாம், வீட்டில் ஒருவராவது தெம்பாக இருக்க வேண்டும்.