ஆகாரின் அழுகை ஏன் புத்தாண்டில்? தோரா வாசிப்பு பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், யூதர்கள் வாரம் ஒரு பகுதியாகத் தோராவை வாசிக்கிறார்களாமே, அது எப்படி?

ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்கள்தான் தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். சனிக்கிழமை காலையில், கையால் எழுதிய தோல்சுருளிலிருந்து ராகத்தோடு வாசிப்பார்கள். சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான். உயிர்க்குறியும் ராகக்குறியும் இருக்காது, அதனால் வாசிப்பவர் முன்கூட்டியே பழகி வர வேண்டும். எழுத்தை விரலால் தொடுவதில்லை. நுனியில் சின்னக் கை செதுக்கிய ஒரு கோலால் வரியைக் காட்டிக்கொண்டே போவார்கள். சிம்ஹத் தோரா பண்டிகையன்று உபாகமத்தை முடித்த கையோடு ஆதியாகமத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

கேள்வி: புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் உலகப் படைப்பைத்தானே வாசிப்பார்கள்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முதல் நாள் வாசிப்பது ஆதியாகமம் 21. ஆபிரகாமின் மனைவி சாராளைக் கடவுள் நினைவுகூர்ந்து பிள்ளை கொடுத்தது புத்தாண்டில்தான் என்று, பழைய யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முட் சொல்கிறது. அதுதான் காரணம். ஆனால் அதே அத்தியாயத்தில்தான் அடிமைப் பெண் ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறார்கள். தோல்பையில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளையை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மனமில்லாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள்.

கடவுள் பையனின் குரலை 'அவன் இருக்கும் இடத்திலே' கேட்டார் என்கிறது வசனம். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, பழைய மித்ராஷ் (ரபிகளின் விளக்கக் கதை) ஒன்றை இங்கே எடுத்துச் சொல்கிறார். இவன் சந்ததி நாளைக்கு இஸ்ரவேலரைத் தாகத்தால் கொல்லப்போகிறதே, இவனுக்கா கிணறு என்று தேவதூதர்கள் வாதாடுகிறார்கள். இப்போது இவன் நல்லவனா கெட்டவனா என்று மட்டும் கடவுள் கேட்கிறார். தீர்ப்பு நாளாகக் கருதப்படும் அந்த நாளில் இதைக் காதால் கேட்பது சாதாரண விஷயமில்லை.

கேள்வி: அது தற்செயலாகவும் இருக்கலாமே, ஐயா?

இருக்கலாம். ஆனால் அன்றே ஊதும் ஷோஃபார் கொம்பையும் பாருங்கள். அதன் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் தால்முட் சிசெராவின் தாயுடைய அழுகையை எடுத்துக்கொள்கிறது. சிசெரா இஸ்ரவேலரை ஒடுக்கிய சேனாபதி. மகனின் தேர் வரக் காணோமே என்று ஜன்னலில் நின்று புலம்பியவள் அவள். அது பெருமூச்சா, விம்மலா என்பதில் முடிவு எட்டவில்லை. அதனால் இன்றுவரை இரண்டையும் ஊதுகிறார்கள். எதிரியின் தாய் அழுத அழுகை ஜெபாலயத்துக்குள் ஒலிக்கிறது! அப்புறம் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா விருந்தில் எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது கோப்பையிலிருந்து பத்துத் துளி திராட்சரசத்தை எடுத்துவிடுவார்கள். எகிப்தியர் பட்ட துன்பத்துக்காக நம் மகிழ்ச்சி குறைகிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

கேள்வி: அப்படியானால், யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம்? அன்று வாசிக்கும் எஸ்தர் புத்தகத்தின் முடிவில் யூதர்களின் எதிரிகள் 75,000 பேர் கொல்லப்படுகிறார்களே.

சரியான கேள்வி. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. தற்காப்பு என்று புத்தகமே சொன்னாலும் அந்த 9ஆம் அதிகாரம் எனக்குக் கனமாகத்தான் இருக்கிறது. யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் பத்து மகன்களின் பெயர்களையும் ஒரே மூச்சில் வாசிப்பது வழக்கம். அன்றைக்கே ஏழைகள் இரண்டு பேருக்காவது கொடுத்தாக வேண்டும் என்ற கடமையும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டிவிடுகிறது என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: ஒரே வாரத்தில் இஸ்ரேலில் ஒரு பகுதி, வெளிநாட்டில் வேறு பகுதி வருமா?

வரும். பஸ்கா இஸ்ரேலில் 7 நாள், வெளியே 8 நாள். அந்த எட்டாம் நாள் சனியாக அமைந்தால் வெளியே இருப்பவர்கள் ஒரு பகுதி பின்தங்குவார்கள். பிறகு இரண்டு பகுதிகளைச் சேர்த்து வாசித்துச் சரிசெய்துகொள்வார்கள்.

கேள்வி: புதிதாகப் படிப்பவர் எங்கே தொடங்கலாம்?

ஆதியாகமம் 21ஐயும் 22ஐயும் ஒரே மூச்சில் படியுங்கள். 22, ஈசாக்கைப் பலியிடப் போகும் பகுதி, புத்தாண்டின் இரண்டாம் நாளுக்கு உரியது. இரண்டிலும் ஆபிரகாம் அதிகாலையில் எழுகிறார். இரண்டிலும் ஒரு பிள்ளை சாவின் விளிம்புக்குப் போகிறது, வானத்திலிருந்து தூதன் கூப்பிடுகிறான், அதுவரை கண்ணில் படாத ஒன்று தெரிகிறது. ஆகாருக்குக் கிணறு, ஆபிரகாமுக்கு ஆட்டுக்கடா. அந்த இடங்களைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படியுங்கள்.